மெலாஸ்: பல அறிகுறிகள், ஒரே வேர்

காது மருத்துவர், சர்க்கரை நோய் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், இதய மருத்துவர் என்று ஒரே நோயாளி பல துறைகளுக்குச் சென்று வருவது மருத்துவமனையில் அன்றாடக் காட்சி. பெரும்பாலானோருக்கு அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனி நோய்களே. ஆனால் மிகச் சிலருக்கு அவை அனைத்தும் ஒரே நோயின் வெவ்வேறு வெளிப்பாடுகளாக இருக்கக்கூடும். அத்தகைய அரிய நோய்களுள் ஒன்று மெலாஸ். இந்த இதழில் அந்நோயின் தன்மை, அறிகுறிகள், கண்டறியும் முறை, வீட்டில் பின்பற்ற வேண்டிய கவனம் ஆகியவற்றை விளக்க முற்படுகிறோம்.

இந்நோயை இனங்காண்பதில் குடும்பத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு மருத்துவரும் தம் துறைக்குரிய பகுதியையே பெரும்பாலும் காண்கிறார். நோயாளியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அவருடைய தாய், பாட்டி, தாய்மாமன் ஆகியோரின் உடல்நிலையையும் அறிந்தவர்கள் குடும்பத்தாரே. அவர்கள் அறிந்தவை ஒன்றுசேர்ந்தால்தான் நோயின் முழு உருவமும் தெரியவரும்.

மைட்டோகாண்ட்ரியா என்பது என்ன?

சிவப்பணுக்களைத் தவிர நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணுறுப்புகள் உள்ளன. இவற்றை இழைமணிகள் என்றும் வழங்குவர். நாம் உண்ணும் உணவில் அடங்கிய ஆற்றலை, சுவாசிக்கும் ஆக்சிஜனின் துணையோடு, செல்கள் பயன்படுத்தத்தக்க வடிவில் மாற்றித் தருவது இவற்றின் முதன்மைப் பணி.

இப்பணி குறைவுபடும்போது ஆற்றலை மிகுதியாகச் செலவிடும் உறுப்புகளே முதலில் தளர்கின்றன. மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான்; ஆனால் ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. இதயம், தசைகள், உட்செவி, விழித்திரை, இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்கள் ஆகியனவும் இடையறாத ஆற்றலை வேண்டுபவை. மெலாஸ் நோயின் அறிகுறிகள் இத்தனை உறுப்புகளில் சிதறித் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

மைட்டோகாண்ட்ரியா சரிவர இயங்காதபோது குளுக்கோஸ் முழுமையாகப் பயன்படாமல் லாக்டிக் அமிலமாகத் தேங்குகிறது. வேகமாக ஓடும்போது உடல்நலமுள்ளவர்களின் தசைகளிலும் இந்த அமிலம் சற்று நேரம் கூடும், ஓய்வெடுத்தால் குறைந்துவிடும். மெலாஸ் உள்ளவர்களுக்கோ ஓய்வாக இருக்கும்போதும் அது மிகுந்திருக்கலாம்.

பெயரும் வரலாறும்

மூளையும் தசையும் பாதிக்கப்படுதல், இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுதல், பக்கவாதம் போன்ற தாக்குதல்கள் நேர்தல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்ததே மெலாஸ் என்னும் பெயர். 1984ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பவ்லாக்கிஸும் அவருடன் பணியாற்றியோரும் இதனைத் தனி நோயாக வரையறுத்தனர். 1990ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த கோட்டோ குழுவினர் இதற்கு அடிப்படையான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தனர்.

நம் மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவை செல்லின் உட்கருவில் உள்ளன. மைட்டோகாண்ட்ரியாவிற்கோ தனக்கென ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு. அது 16,569 எழுத்துகளையும் 37 மரபணுக்களையும் கொண்டது. அதில் 3243ஆம் இடத்தில் அடினின் என்னும் எழுத்து குவானின் என மாறிவிடுவதே மெலாஸ் நோயாளிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரிடம் காணப்படும் பிழை. எஞ்சியோரிடம் வேறு மாற்றங்கள் காணப்படுகின்றன.

இதே 3243ஆம் எழுத்து மாற்றம் சில குடும்பங்களில் மூளையைப் பெரிதும் பாதிக்காமல், சர்க்கரை நோயையும் காது கேளாமையையும் மட்டும் உண்டாக்குகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1992ஆம் ஆண்டில் இதனை வெளிப்படுத்தினர். ஒரே பிழை ஒருவருக்குச் சர்க்கரை நோயாகவும், அவருடைய மகனுக்கு வலிப்பாகவும் வெளிப்படக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அறிகுறிகள்

மெலாஸ் பெரும்பாலும் 40 வயதிற்கு முன்பே வெளிப்படுகிறது. பிறந்து சில ஆண்டுகள் இயல்பாக வளர்ந்த குழந்தையிடம் பின்னர் அறிகுறிகள் தோன்றுவதும் உண்டு. கீழ்க்காண்பவை அனைத்தும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை.

• வயதுக்கேற்ற உயரமோ எடையோ இல்லாமை
• சிறிது நடந்தாலும் மாடி ஏறினாலும் மிகுந்த களைப்பு, தசை வலி, தசைத் தளர்ச்சி
• வாந்தியோடு கூடிய, அடிக்கடி திரும்பி வரும் ஒற்றைத் தலைவலி
• வலிப்பு
• படிப்படியாகக் குறையும் கேட்கும் திறன்
• சர்க்கரை நோய். குறிப்பாக உடல் பருமன் இல்லாதவருக்கு இளவயதில் வருவது
• இதயத் தசை தடித்தல், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை
• நீடித்த மலச்சிக்கல், பசியின்மை, காரணம் புலப்படாத வாந்தி
• சிறுநீரில் புரதம் வெளியேறுதல்
• கல்வியில் பின்தங்குதல், நினைவாற்றல் குறைதல், நடத்தையில் மாற்றம்

இவற்றுள் எந்த ஒன்றும் தனியே மெலாஸ் நோயைக் காட்டுவதன்று. தலைவலியும் சர்க்கரை நோயும் நம் ஊரில் மிகப் பரவலானவை. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பல அறிகுறிகள் ஒருவரிடமோ, தாய்வழி உறவினர்களிடமோ சேர்ந்து காணப்படும்போதுதான் ஐயம் கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பாட்டிக்கு 45 வயதில் காது மந்தமாயிற்று, வயதாகிவிட்டது என்றனர். மெலிந்த உடல்வாகு கொண்ட தாய்க்கு 32 வயதில் சர்க்கரை நோய் வந்தது. இக்காலத்தில் யாருக்குத்தான் இல்லை என்றனர். தாய்மாமன் சிறு வயது முதலே நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார், சோம்பேறி என்றனர். மகன் வகுப்பிலேயே உயரம் குறைந்தவன். பரம்பரை வாகு என்றனர். அம்மகனுக்கு 14 வயதில் கடுமையான தலைவலியும் வலிப்பும் வந்து, பார்வை ஒரு பக்கம் மறைந்தது. ஒவ்வொன்றுக்கும் சொல்லப்பட்ட விளக்கம் ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் மட்டுமே அவற்றை இணைக்கும் இழை கண்ணில் படும்.

பக்கவாதம் போன்ற தாக்குதல்

இந்நோயின் மிகக் கடுமையான வெளிப்பாடு இதுவே. கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, பார்வையின் ஒரு பகுதி மறைதல், பேச்சுக் குழறுதல், கை கால் ஒரு பக்கம் செயலிழத்தல், குழப்பம் ஆகியவை சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தோன்றுகின்றன.

வழக்கமான பக்கவாதத்தில் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுகிறது அல்லது வெடிக்கிறது. மெலாஸ் தாக்குதலில் பெரிய இரத்தக் குழாய்கள் திறந்தே இருக்கின்றன. மூளைச் செல்களின் ஆற்றல் பற்றாக்குறையும், அதனோடு சேர்ந்த வலிப்பும், நுண்ணிய குழாய்களின் செயற்குறையும் மூளையின் ஒரு பகுதியைப் பாதிக்கின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் மூளையின் பின்பகுதியிலும் பக்கப் பகுதிகளிலும் தெரியும். எந்த ஒரு இரத்தக் குழாயின் எல்லைக்குள்ளும் அது அடங்காது.

ஒரு தாக்குதலிலிருந்து நோயாளி பெருமளவு மீண்டுவிடக்கூடும். ஆனால் தாக்குதல்கள் அடுத்தடுத்து வரும்போது பார்வை, நினைவு, அறிவுத்திறன் ஆகியவற்றில் நிலையான இழப்பு ஏற்படுகிறது. ஆகவே, ஒவ்வொரு தாக்குதலையும் தடுக்கவும், வந்தால் விரைந்து கட்டுப்படுத்தவும் முயல வேண்டும். மேற்கண்ட அறிகுறிகளில் ஒன்று திடீரென்று தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவிற்கு வர வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம். வந்தவுடன் “இவருக்கு மெலாஸ் நோய் உள்ளது” என்பதை முதலிலேயே கூறுங்கள். அந்த ஒரு தொடர், செய்ய வேண்டிய பரிசோதனைகளையும் கொடுக்க வேண்டிய மருந்துகளையும் மாற்றிவிடும்.

எவ்வாறு கண்டறிகிறோம்?

முதலில் நோய் வரலாற்றையும் தாய்வழிக் குடும்ப வரலாற்றையும் கேட்டறிகிறோம். பின்னர் இரத்தத்தில் லாக்டேட் அளவு பார்க்கப்படும். நெடுநேரம் கையை இறுகக் கட்டி இரத்தம் எடுத்தாலோ, குழந்தை அழுது துடித்தாலோ இந்த அளவு பொய்யாகக் கூடலாம். எனவே சில வேளைகளில் மீண்டும் எடுக்க நேரிடும். அளவு இயல்பாக இருப்பதனால் மட்டும் நோய் இல்லை என்று கூறிவிட முடியாது.

மூளையின் எம்.ஆர்.ஐ., இ.சி.ஜி., இதய எக்கோ, கேட்டல் பரிசோதனை, கண் பரிசோதனை, சர்க்கரை அளவு, சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை தேவைப்படும். சிலருக்குத் தசையிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து ஆராயப்படும்.

நோயை உறுதிசெய்வது மரபணுப் பரிசோதனை. 3243ஆம் எழுத்து மாற்றத்தின் அளவு இரத்தத்தில் வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே செல்வதால், பெரியவர்களுக்கு இரத்தப் பரிசோதனையில் அது தென்படாமல் போகலாம். சிறுநீரில் வெளிவரும் செல்களில் அதனை எளிதாகக் கண்டறிய முடிகிறது. மரபணுப் பரிசோதனைக்குச் சிறுநீர் எதற்கு என்று பலர் வியக்கின்றனர், காரணம் இதுவே.

தாய்வழி வரும் நோய். தாயின் குற்றம் அன்று

குழந்தைக்கு மைட்டோகாண்ட்ரியா தாயின் கருமுட்டையிலிருந்தே வருகிறது. எனவே இந்த மரபணு மாற்றம் தாயிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் செல்லலாம். மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடும், மகன் கடத்துவதில்லை.

ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பிரதிகள் உண்டு. அவற்றுள் சில மாறியவையாகவும் சில இயல்பானவையாகவும் கலந்திருக்கும். மாறியவற்றின் விகிதம் ஓர் உறுப்பில் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும்போதுதான் அவ்வுறுப்பு பாதிக்கப்படுகிறது. ஒவ்வொரு கருமுட்டைக்கும் எவ்வளவு சென்று சேரும் என்பது யாருடைய கையிலும் இல்லை. ஒரே தாய் பெற்ற பிள்ளைகளில் ஒருவர் கடுமையாகப் பாதிக்கப்படுவதும் மற்றவர் நலமாக இருப்பதும் இதனால்தான்.

“தாய்வழி” என்ற சொல் சில வீடுகளில் பழிச்சொல்லாகிவிடுவதை நாங்கள் அறிவோம். கருவுற்றிருந்தபோது உண்ட உணவோ, செய்த வேலையோ, கிரகணத்தன்று வெளியே வந்ததோ, மனக்கவலையோ இந்நோயை உண்டாக்கவில்லை. தாய் தன் தாயிடமிருந்து அறியாமல் பெற்றதே அறியாமல் பிள்ளைக்குச் சென்றிருக்கிறது. அரிதாகக் கருவிலேயே புதிதாக இம்மாற்றம் தோன்றுவதும் உண்டு. சொந்தத்தில் மணம் புரிந்ததும் 3243ஆம் எழுத்து மாற்றத்திற்குக் காரணம் அன்று. உட்கரு மரபணுக்களின் பிழையால் வரும் வேறு சில மைட்டோகாண்ட்ரியா நோய்களுக்கு உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். எது எந்த வகை என்பதை மரபணு ஆலோசகர் விளக்குவார்.

பிள்ளையைத் தோளில் சுமந்து வரும் தாய் தன் உடலைப் பார்த்துக்கொள்ள மறந்துவிடுகிறார். அவருக்கும் சர்க்கரை, கேட்கும் திறன், இதயம் ஆகியவற்றைப் பரிசோதிப்பது இன்றியமையாதது. அவரோடு பிறந்தவர்களுக்கும், உடன்பிறந்த சகோதரிகளின் பிள்ளைகளுக்கும் இச்செய்தி தெரிய வேண்டும். பெண்ணின் திருமணப் பேச்சு தடைபடுமோ என்ற அச்சத்தால் சில குடும்பங்கள் மறைக்கின்றன. அந்த அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் செய்தி தெரியாத சித்தி மகளுக்கு நாளை வலிப்பு வந்தால், தவிர்க்க வேண்டிய மருந்தையே அவருக்குக் கொடுத்துவிடக்கூடும். எவருக்கும் பரிசோதனை கட்டாயமன்று. முடிவுகள் மறைவாகவே காக்கப்படும். முன்னதாக ஆலோசனை அளிக்கப்படும்.

தாயின் மைட்டோகாண்ட்ரியாவிற்குப் பதிலாக வேறொரு பெண் அளித்த கருமுட்டையின் மைட்டோகாண்ட்ரியாவைப் பயன்படுத்தும் முறைக்குப் பிரிட்டன் 2015ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அம்முறையில் 8 குழந்தைகள் பிறந்துள்ளதாக நியூகாசில் மருத்துவர்கள் 2025ஆம் ஆண்டில் அறிவித்தனர். இது நோய் வராமல் தடுக்கும் முயற்சி. நோய் வந்தவருக்கான சிகிச்சை அன்று.

சிகிச்சை

மெலாஸ் நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இதனை நாங்கள் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறோம். முழுமையாகக் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பொருளையும் நாளையும் இழக்க வேண்டாம். ஆனால் செய்யத்தக்கவை பல உள்ளன.

வலிப்பை விரைந்து கட்டுப்படுத்துவது மூளையைக் காக்கும். தாக்குதலின்போது ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்தை நரம்பு வழியாகப் பல மருத்துவமனைகள் அளிக்கின்றன. அதன் பயனை உறுதிசெய்யும் பெரிய ஆய்வுகள் இன்னும் போதவில்லை. தாக்குதல்களைத் தடுக்க டாரின் என்னும் மருந்துக்கு ஜப்பான் 2019ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. கோஎன்சைம் க்யூ10, ரைபோஃபிளேவின், கார்னிடைன் ஆகியவற்றையும் பரிந்துரைப்பதுண்டு. இவற்றால் எல்லோருக்கும் ஒரே பயன் கிடைப்பதில்லை. மருத்துவரைக் கேளாமல் தாமாக வாங்கி உண்பதும் நிறுத்துவதும் கூடாது.

காது கேட்கும் கருவியும், தேவைப்படின் காக்ளியர் கருவியும் நற்பயன் தருகின்றன. சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றை உரிய காலத்தில் கண்டறிந்தால் நன்கு கட்டுப்படுத்தலாம். எனவே, குறையொன்றும் தெரியாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதயம், காது, கண், சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

எச்சரிக்கை தேவைப்படும் மருந்துகள்

• வால்ப்ரோயேட்: வலிப்புக்குப் பரவலாகத் தரப்படுவது. மைட்டோகாண்ட்ரியா நோயாளிகளின் கல்லீரலுக்குத் தீங்கு செய்யவும் வலிப்பைக் கூட்டவும் கூடும். மாற்று மருந்துகள் உள்ளன.
• மெட்ஃபார்மின்: சர்க்கரை நோய்க்கான இம்மாத்திரை லாக்டிக் அமிலத்தைக் கூட்டக்கூடும்.
• ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின்: கேட்கும் திறனைக் குறைக்கக்கூடும்.
• லினசோலிட்: மைட்டோகாண்ட்ரியாவின் இயக்கத்தைத் தடுக்கக்கூடும்.
• ரிங்கர் லாக்டேட்: ‘டிரிப்ஸ்’ ஆக ஏற்றப்படும் இத்திரவத்திலேயே லாக்டேட் உள்ளது.

இம்மருந்துகளில் ஒன்றை இப்போது உட்கொண்டுவருபவர் அச்சமுற்றுத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தை ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் காட்டி முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன், பல் பிடுங்குவதாயினும், மயக்க மருந்து மருத்துவரிடம் நோயைப் பற்றிக் கூறிவிடுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

வெறும் வயிற்றில் நெடுநேரம் இருத்தல், காய்ச்சல், நீரிழப்பு, உறக்கமின்மை, அளவுமீறிய உழைப்பு ஆகியவை தாக்குதலைத் தூண்டக்கூடும். மூன்று வேளை பெருவுணவுக்குப் பதிலாக, சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நல்லது. சஷ்டி, ஏகாதசி விரதங்களும் ரமலான் நோன்பும் மேற்கொள்ள விரும்புவோர் முன்னதாக மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோயுற்றோருக்கு விலக்கு அளிப்பதே நம் சமயங்களின் மரபு. அதனை ஏற்பதில் குறைவேதும் இல்லை.

காய்ச்சல் கண்டால் உடனே தணிக்க வேண்டும். வாந்தியால் உணவு தங்காவிடில் அன்றே மருத்துவமனைக்கு வந்து குளுக்கோஸ் கலந்த திரவம் ஏற்றிக்கொள்வது பாதுகாப்பானது. தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டாம். அவை தடுக்கும் தொற்றுகளே பெருந்தீங்கு செய்பவை. முழு ஓய்வும் தசைகளைத் தளர்த்தும். மருத்துவரின் அறிவுரைப்படி நாள்தோறும் அளவான நடைப்பயிற்சி நன்மை தரும். மதுவையும் புகையையும் அறவே விலக்குக.

பள்ளி ஆசிரியருக்கும் நோயைப் பற்றித் தெரிவியுங்கள். விளையாட்டு வகுப்பில் இக்குழந்தை உட்கார்ந்துவிட்டால் அது சோம்பல் அன்று என்பதையும், இடைவேளையில் சிற்றுண்டிக்கு அனுமதி வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு தாள், ஓர் அட்டை

நிறைவாக, வாசகர்களிடம் இரண்டு செயல்களை வேண்டுகிறோம்.

முதலாவது, ஒரு தாளில் தாய்வழி உறவினர்கள் அனைவரையும் எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே காது, சர்க்கரை, வலிப்பு, தலைவலி, இதயம், உயரம், களைப்பு ஆகியவற்றில் தெரிந்தவற்றையும், அவை தொடங்கிய வயதையும் குறியுங்கள். இது அற்பமான செய்தி என்று எதையும் விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது, நோய் உறுதியானவர்கள் ஓர் அவசர அட்டையைப் பணப்பையிலும் கைப்பேசியிலும் வைத்திருங்கள். அதில் நோயாளியின் பெயர், வயது, “மெலாஸ் என்னும் மைட்டோகாண்ட்ரியா நோய்”, தற்போது உட்கொள்ளும் மருந்துகள், தவிர்க்க வேண்டிய மருந்துகள், சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் தொலைபேசி எண், உறவினரின் எண் ஆகியவை இருக்கட்டும். வெளியூர்ப் பயணத்தில், நள்ளிரவில், அறிமுகமற்ற மருத்துவமனையில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த அட்டையே.

அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவிற்கு வரும்போது அத்தாளையும் எல்லாத் துறைகளின் பழைய கோப்புகளையும் உடன் எடுத்து வாருங்கள். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பதிலிருந்தே எங்கள் பணி தொடங்குகிறது.